அயர்ன் ஷாட்டின் இயற்பியல்: பந்தை நீங்கள் தூக்க வேண்டாம், லாஃப்ட் பார்த்துக்கொள்ளும்

கோல்ஃபில் இரும்புத் தலை கொண்ட மட்டையான அயர்ன் கிளப்பின் முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் 0.00045 விநாடி. அரை மில்லி விநாடிகூட முழுதாக இல்லை. அந்த அதிர்வு உங்கள் கையில் உணரப்படும்போது பந்து ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டிருக்கும். ஆகவே "படுகிற நேரத்தில் மணிக்கட்டை இப்படித் திருப்பு, அப்படியே மேலே தள்ளு" என்று யாராவது சொன்னால், அது மனித உடம்பால் ஆகிற காரியமே இல்லை. தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிவாகிவிடுகிறது.

பந்துக்குத் தெரிவதெல்லாம் ஆறே விஷயங்கள்: கிளப் தலை என்ன வேகத்தில் வருகிறது, இடமா வலமா எந்தப் பக்கம் போகிறது, என்ன சரிவில் இறங்குகிறது, முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு மல்லாந்திருக்கிறது (இதுதான் லாஃப்ட்), முகத்தில் எந்த இடத்தில் படுகிறது. உங்கள் தோளும் இடுப்பும் முழங்கையும் பந்துக்குத் தெரியாது. அவை முக்கியம்தான், ஆனால் இந்த ஆறையும் சரியாகக் கொண்டுவந்து சேர்க்கிற வரைக்கும்தான் முக்கியம். இதைப் புரிந்துகொண்டால் ஸ்விங் (கிளப்பை வீசும் அசைவு) பற்றிக் காதில் விழும் நூறு அறிவுரைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் வலது கை ஆட்டக்காரருக்கு. உதாரணத்துக்கு 7 அயர்ன் (எண் கூடக் கூட முகம் அதிகம் மல்லாந்திருக்கும்), தொழில்முறை ஆட்டக்காரரின் வேகம், அதாவது விநாடிக்கு 40 மீட்டர். உங்கள் வேகம் இதைவிடக் குறைவாக இருந்தாலும் கோணங்களின் தர்க்கம் மாறாது.

படி 1: மோதலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

விதிப்படி பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. 7 அயர்னின் தலை சுமார் 270 கிராம். பந்தைப்போல் ஆறு மடங்கு கனம். இந்தத் தலை வந்து மோதும்போது பந்து முகத்தின் மேல் நசுங்கி, பிறகு தன் வடிவத்துக்குத் திரும்பும் வேகத்தில் முகத்தைவிட்டுக் கிளம்புகிறது. பந்து பெறும் உந்தத்தை அந்த 0.00045 விநாடியால் வகுத்துப் பார்த்தால் சராசரி விசை ஏறக்குறைய 5,500 நியூட்டன் வருகிறது. அரை டன்னுக்கு மேல் எடை ஏற்றியதற்குச் சமம். அதுவும் சராசரிதான், உச்சம் இன்னும் அதிகம்.

இவ்வளவு பெரிய விசைக்கு முன்னால் உங்கள் பிடியின் இறுக்கம் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கணத்துக்குக் கிளப் தலை கிட்டத்தட்ட தனியாகப் பறந்துவரும் ஓர் இரும்புத் துண்டு மாதிரிதான் நடந்துகொள்கிறது. மோதல் முடிவதற்குள் அதன் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பந்துக்குப் போய்விடும், கிளப்பும் பந்தும் சேர்ந்தே நகரும் தூரம் ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம். இறுக்கிப் பிடித்தால் பந்து அதிக தூரம் போகும் என்பது இங்கேயே அடிபட்டுப்போகிறது. சொல்லப்போனால், இறுக்கிப் பிடித்தால் கிளப் தலை வந்து சேரும் வேகமும் கொஞ்சம் குறையும்.

படி 2: ஒரு வேகத்தை இரண்டாகப் பிரியுங்கள் (இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

கிளப் தலை தரைக்கு இணையாக வருவதில்லை. நல்ல 7 அயர்ன் ஷாட்டில் அது சுமார் 4 டிகிரி கீழ்நோக்கி இறங்கிவருகிறது. இதுதான் தாக்கு கோணம். அதே நேரத்தில் முகம் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. பழைய வடிவ 7 அயர்னில் லாஃப்ட் 34 டிகிரி, இப்போது வரும் சிலவற்றில் 30க்கும் கீழே. ஆனால் கிளப்பில் பொறித்திருக்கும் எண் பந்துக்குத் தெரியாது. படும் நேரத்தில் கைகள் கிளப் தலைக்கு முன்னால் இருந்தால் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) இலக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு லாஃப்டைக் குறைத்துவிடும். பட்ட நேரத்தில் உண்மையில் இருப்பதை டைனமிக் லாஃப்ட் என்கிறோம். நம் உதாரணத்தில் அது 23 டிகிரி என்று வையுங்கள்.

கிளப் 4 டிகிரி கீழே போகிறது, முகம் 23 டிகிரி மேலே பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள 27 டிகிரிக்குப் பெயர் ஸ்பின் லாஃப்ட். அயர்ன் ஷாட்டில் நடப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

அந்த 40 மீட்டர் வேகத்தை முகத்துக்குச் செங்குத்தாக ஒரு பங்கு, முகத்தோடு ஒட்டி ஒரு பங்கு என்று பிரியுங்கள். செங்குத்துப் பங்கு 35.6 மீட்டர், ஒட்டிப்போகும் பங்கு 18 மீட்டர். செங்குத்துப் பங்குதான் பந்தை நசுக்கி வேகம் கொடுக்கிறது. மீள்திறன் (மோதலுக்குப் பின் மிஞ்சும் வேக விகிதம்) 0.76 என்று வைத்து, நிறை விகிதத்தையும் சேர்த்தால் பெருக்க வேண்டிய எண் 1.5, ஆகப் பந்துக்கு விநாடிக்கு 53.6 மீட்டர். ஒட்டிப்போகும் பங்கு என்ன செய்கிறது? முகம் பந்தின் பின்பக்கத்தை உராய்வால் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்கிறது. பின்பக்கம் கீழே போனால் அடிப்பக்கம் முன்னால் வரும், மேல்பக்கம் பின்னால் போகும். இதுதான் பேக்ஸ்பின், நிமிடத்துக்குச் சுமார் 7,000 சுற்று. பந்தின் விளிம்பு மட்டும் விநாடிக்கு 15 மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உராய்வு பந்தைச் சுற்றிவிடுவதோடு நிற்பதில்லை, முழுப் பந்தையும் விநாடிக்கு 6 மீட்டர் அளவுக்கு முகத்தோடு ஒட்டிக் கீழ்ப்பக்கமாகத் தள்ளவும் செய்கிறது. அதனால் 23 டிகிரியில் கிளம்ப வேண்டிய பந்து 16 டிகிரியில் கிளம்புகிறது. தொழில்முறைச் சுற்றில் ரேடார் கருவிகள் அளக்கும் 7 அயர்ன் சராசரியும் இதையேதான் காட்டுகிறது: பந்து வேகம் மணிக்கு ஏறக்குறைய 193 கி.மீ., கிளம்பும் கோணம் 16 டிகிரி சொச்சம், சுழற்சி 7,100 அளவில். காகிதத்தில் போட்ட கணக்கும் களத்தில் அளந்ததும் இப்படிப் பொருந்திப்போவது எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விஷயம்.

பந்து முகத்தின் மேல் ஏறி உருண்டு போகிறது, அதனால்தான் சுழல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்னதைப் பார்த்தால் அதில் பாதிதான் சரி என்று தெரியும். கீழ்நோக்கி இழுப்பது முகம், பந்து அந்த இழுப்புக்குக் கட்டுப்பட்டுத் தாழ்வாகக் கிளம்புகிறது. உராய்வு குறைந்தால்தான் பந்து நழுவி உயரமாகவும் குறைந்த சுழற்சியோடும் போகும்.

படி 3: பந்தை அள்ளித் தூக்குவதை நிறுத்துங்கள்

புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற ஆசை இது. பந்து தரையில் கிடக்கிறது, மேலே போக வேண்டும், எனவே கிளப்பை அதற்கு அடியில் நுழைத்து மேலே கிளப்ப வேண்டும் என்று உடம்பே முடிவு செய்துவிடுகிறது. எடை பின்காலில் (வலது காலில்) தங்கும், மணிக்கட்டு முன்னால் மடியும், கிளப் தலை கைகளை முந்திக்கொள்ளும்.

கணக்கு என்ன ஆகிறது? லாஃப்ட் 34 அப்படியே இருக்கிறது, தாக்கு கோணம் மேல்நோக்கி 2 டிகிரி, ஸ்பின் லாஃப்ட் 32. அதே 40 மீட்டர் வேகத்தில் பந்து வேகம் 54லிருந்து 51க்கு இறங்குகிறது, கிளம்பும் கோணம் 26ஆக ஏறுகிறது. 7 அயர்னில் அடித்துவிட்டு அதைவிட லாஃப்ட் கூடிய, தூரம் குறைந்த கிளப்பின் பறத்தலை வாங்கிக்கொள்கிறீர்கள். அதுவும் சுத்தமாகப் பட்டால். மேல்நோக்கி அடிக்கிறீர்கள் என்றால் ஸ்விங் வட்டத்தின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் இருக்கிறது, அப்போது கிளப் முதலில் தரையில் குத்தும், இல்லையென்றால் எழும்பிவந்து விளிம்பால் பந்தின் வயிற்றில் அடிக்கும். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். ஒரு ஷாட் மண்ணில், அடுத்த ஷாட் தரையோடு தரையாகச் சீறிப்போகிறது என்றால் இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அடிப்புள்ளியை முன்னே கொண்டுவாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கீழ்நோக்கி அடித்தால் சுழற்சி அதிகம்" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். தாக்கு கோணத்தை இன்னும் 3 டிகிரி செங்குத்தாக்கி, ஷாஃப்டையும் 3 டிகிரி கூடுதலாகச் சாய்த்தால் லாஃப்ட் 3 குறையும், ஸ்பின் லாஃப்ட் அதே 27தான். பந்து தாழ்வாகப் போகும், சுழற்சி பெரிதாக மாறாது. சுழற்சியை முடிவு செய்வது அந்த இடைவெளியும் வேகமும் உராய்வும்தான். வெறுமனே மண்ணை வெட்டுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

படி 4: அப்படியானால் எதற்காகக் கீழே இறங்க வேண்டும்

காரணம் வெறும் வடிவியல். பந்தின் ஆரம் 21.3 மி.மீ. 23 டிகிரி சாய்ந்த முகம் பந்தைத் தொடும் புள்ளி தரையிலிருந்து 13 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. கிளப்பின் கீழ் விளிம்பு சரியாகத் தரை மட்டத்தில் இருந்தால், முகத்தில் அந்தத் தொடுபுள்ளி விளிம்பிலிருந்து 14 மி.மீ. மேலே. ஆனால் அயர்னின் நிறை மையம் அதைவிட உயரத்தில், ஏறக்குறைய 20 மி.மீ. அளவில் இருக்கும். அதற்கு நேராகப் பந்து பட வேண்டுமானால் விளிம்பு தரை மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே போக வேண்டும்! புல்லின் மேல் பந்து கொஞ்சம் உயர்ந்து உட்கார்ந்திருந்தால் அந்த இடம் தானாகக் கிடைத்துவிடும். இறுகிய ஃபேர்வேயில் (புல் குட்டையாக வெட்டிய ஆடுபாதையில்) பந்தைத் தொடும் அதே வேளையில் கிளப் புல்லுக்குள் இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும், இறக்கம் பந்துக்குப் பிறகும் தொடர வேண்டும்.

4 டிகிரி இறக்கத்தில் வரும் ஸ்விங் வட்டத்தின் அடிப்புள்ளி பந்துக்குச் சுமார் 10 செ.மீ. முன்னால், இலக்குப் பக்கம் அமைகிறது. பட்ட இடத்துக்கும் அடிப்புள்ளிக்கும் ஆழத்தில் உள்ள வித்தியாசம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அதனால் நல்ல டிவோட் (கிளப் பெயர்த்தெடுக்கும் புல்-மண் தடம்) மெலிசாக, பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தொடங்கிப் போகும். கையளவு மண்கட்டி பறந்தால் அது பலத்தைக் காட்டவில்லை, இறக்கம் அதிகம் என்பதைத்தான் காட்டுகிறது.

படி 5: நிற்கும் நிலையை இந்தக் கணக்குக்கு ஏற்ப அமையுங்கள்

7 அயர்னுக்குப் பந்தை இரு கால்களுக்கு நடுவில், அல்லது அதைவிட ஒரு பந்து அகலம் முன்காலின் பக்கமாக வையுங்கள். எடை இரு கால்களிலும் சமம், வேண்டுமானால் முன்காலில் ஒரு பங்கு கூட. கைகள் பந்துக்குச் சற்று முன்னால். இந்த அமைப்பை வைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது எடை முன்காலுக்கு மாறிவிட்டிருக்க வேண்டும். மார்பெலும்பு எங்கே இருக்கிறதோ அதற்குக் கிட்டத்தட்ட நேர் கீழேயோ சற்று முன்னாலோதான் அடிப்புள்ளி விழும். மார்பு பின்னால் சாய்ந்தால் அடிப்புள்ளியும் பின்னால் போகும்.

கைகளை முன்னால் வைக்க வேண்டும் என்று மணிக்கட்டை வலிந்து இழுத்துப் பிடிக்காதீர்கள். உடம்பு திரும்பிக்கொண்டே இருந்தால் கைகள் தானாக முன்னால் இருக்கும். உடம்பு நின்றுவிட்டால் கிளப் தலை முந்தும்.

படி 6: திசை

பந்து எந்தப் பக்கம் கிளம்புகிறது என்பதை முகம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது, அயர்னில் முக்கால் பங்கு. ஸ்விங் போகும் பாதைக்கு மீதி கால் பங்கு. பாதை திசையில் பந்து கிளம்பி முகம் பார்க்கும் இடத்தில் போய் நிற்கும் என்று நெடுங்காலம் கற்பித்து வந்தார்கள். ரேடார் வந்த பிறகு அது தலைகீழ் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று.

ஓர் உதாரணம். பாதை இலக்குக்கு 4 டிகிரி வலப்பக்கம், முகம் 2 டிகிரி வலப்பக்கம். பந்து 2.5 டிகிரி வலப்பக்கம் கிளம்பும். முகம் பாதைக்கு 2 டிகிரி இடப்பக்கம் மூடியிருப்பதால் சுழற்சி அச்சு இடப்பக்கம் சாயும், பந்து இடப்பக்கம் வளைந்து திரும்பும். இதுதான் டிரா. எவ்வளவு சாயும்? அந்த 2 டிகிரியை ஸ்பின் லாஃப்டான 27ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள், அச்சுச் சாய்வு 4 டிகிரி அளவில் வரும். டிரைவரில் (மிக நீண்ட தூரம் அடிக்கும் கிளப்பில்) ஸ்பின் லாஃப்ட் 13 போல இருப்பதால் அதே தவறுக்கு இரண்டு மடங்கு சாய்வு. வெட்ஜில் (லாஃப்ட் அதிகமான குறுந்தூரக் கிளப்பில்) நேராகப் போகிறவருக்கு டிரைவரில் ஸ்லைஸ் (பெரிய வலப்பக்க வளைவு) வருவதன் ரகசியம் இதுதான். வெட்ஜ் தவறை மறைத்துக்கொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஸ்விங் வட்டம் செங்குத்தாக நிற்பதில்லை, சாய்ந்த தளத்தில் இருக்கிறது. அடிப்புள்ளிக்கு வருமுன் கிளப் கீழே மட்டுமல்ல, வெளிப்பக்கமாகவும் போய்க்கொண்டிருக்கும். 4 டிகிரி இறங்கும்போது பாதை தானாக 2 டிகிரி வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. நேராகப் போக வேண்டுமானால் மொத்த வட்டத்தையே 2 டிகிரி இடப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அதனால் டிவோட் லேசாக இடப்பக்கம் பார்த்தால் பதற வேண்டியதில்லை.

கிளப்பின் அடிப்பகுதியில் முனை (ஷாஃப்டுக்கு எதிர்ப்பக்க ஓரம்) தூக்கி நின்றால் முகம் இடப்பக்கம் பார்க்கும், குதிகால் (ஷாஃப்ட் பக்க ஓரம்) தூக்கினால் வலப்பக்கம். லாஃப்ட் கூடக் கூட இந்தத் தொல்லை கூடும். வெட்ஜுகள் எப்போதும் இடப்பக்கமே போனால் ஸ்விங்கைக் குறை சொல்லுமுன் லை கோணத்தை (ஷாஃப்டுக்கும் கிளப்பின் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள கோணத்தை) அளந்து பாருங்கள்.

படி 7: முகத்தில் எங்கே படுகிறது

நிறை மையத்துக்கு நேராகப் படாவிட்டால் தலை முறுக்கிக்கொள்ளும். முனையில் பட்டால் முகம் திறக்கும், குதிகாலில் பட்டால் மூடும், எப்படியானாலும் வேகத்தின் ஒரு பங்கு முறுக்கலில் செலவாகிவிடும். தலையின் எடையை ஓரங்களுக்குத் தள்ளினால் முறுக்கல் குறையும் என்ற யோசனையைப் பரவலாக்கியவர் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம். இன்றைய, பின்பக்கம் குடைந்த கேவிட்டி அயர்ன்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். முகத்தில் பாதப் பவுடரைத் தெளித்து ஒரு பத்து பந்து அடியுங்கள். தடம் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கு இதைவிட மலிவான கருவி இல்லை.

படி 8: முகத்தின் வரிக்குழிகளைச் சுத்தமாக வையுங்கள்

காய்ந்த பந்து, காய்ந்த முகம், இடையில் எதுவும் இல்லை என்றால் வரிக்குழி இல்லாத முகமும் நல்ல சுழற்சியே தரும். வரிக்குழிகளின் உண்மையான வேலை, வண்டி டயரின் பள்ளங்களைப்போல, நடுவில் மாட்டும் தண்ணீருக்கும் புல் சாற்றுக்கும் போக இடம் கொடுப்பது. ரஃப்பில் (புல் நீண்டு வளர்ந்த பகுதியில்) அடிக்கும்போது புல் நடுவில் மாட்டி உராய்வு குறைகிறது. பந்து உயரமாகக் கிளம்பி, சுழற்சி இல்லாமல், கிரீனில் (குழியைச் சுற்றிய மழித்த புல்தரையில்) விழுந்தும் நிற்காமல் ஓடிப்போகிறது. ரஃப்பிலிருந்தும் அளவுக்கு மீறிச் சுழற்சி கிடைக்கிறது என்பதற்காகத்தான் 2010இல் வரிக்குழியின் கொள்ளளவையும் விளிம்பின் கூர்மையையும் விதி கட்டுப்படுத்தியது. உங்களுக்கு வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் முகத்தைத் துடையுங்கள்.

படி 9: காற்றில்

பின்சுழற்சிதான் பந்தைக் காற்றில் தாங்குகிறது என்பதைக் கணக்கோடு காட்டியவர் எடின்பரோவின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டேட், 1890களில். பந்தில் நீளமான நாடாவின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைத் தரையில் பதித்து, களிமண் சுவரை நோக்கி அடிக்கவைத்து, நாடாவில் எத்தனை முறுக்கு விழுந்தது என்று எண்ணிப் பார்த்தார். வீடியோவும் ரேடாரும் இல்லாத காலத்தில் எவ்வளவு அழகான சோதனை! அவர் மகன் ஃப்ரெடி டேட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன்.

மேல்பக்கம் பின்னோக்கிச் சுழலும் பந்து காற்றைக் கீழே திருப்பிவிடுகிறது, பதிலுக்குக் காற்று பந்தை மேலே தள்ளுகிறது. 7 அயர்னில் கிளம்பிய புதிதில் இந்தத் தூக்குவிசை பந்தின் எடையையே மிஞ்சும். அதனால்தான் 16 டிகிரியில் கிளம்பும் பந்து வழியில் இன்னும் மேலேறி, 30 மீட்டர் உயரம் தொட்டு, சுமார் 50 டிகிரி செங்குத்தாக இறங்கிக் கிரீனில் நிற்கிறது. காற்றே இல்லாத இடத்தில் இது எதுவும் கிடையாது. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14இல் போன ஆலன் ஷெப்பர்ட் நிலவில் 6 அயர்ன் தலையை மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் மாட்டி அடித்தார். அங்கே பேக்ஸ்பின்னுக்கு வேலையே இல்லை, டிராவும் அதற்கு எதிர்ப்பக்கம் வளையும் ஃபேடும் இல்லை.

எதிர்காற்றில் பலமாக அடிப்பது ஏன் தப்பு என்பதும் இங்கேதான். வேகம் கூடினால் சுழற்சி கூடும், எதிர்காற்றில் தூக்குவிசையும் இழுவையும் சேர்ந்து கூடும், பந்து மேலே ஏறி நின்று அப்படியே விழும். ஒன்றிரண்டு எண் குறைந்த, அதிக தூரம் போகும் கிளப்பை எடுத்து, வேகத்தைக் குறைத்து, கைகளை முன்னால் வைத்து அடியுங்கள்.

படி 10: பயிற்சி

புல்லில் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். பந்து வேண்டாம். கோட்டின் மேல் நின்று ஸ்விங் செய்து, தரையில் பட்ட தடம் கோட்டுக்கு எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். எல்லாத் தடமும் கோட்டிலோ இலக்குப் பக்கமோ தொடங்கும் வரை பந்தை எடுக்க வேண்டாம். அப்புறம் இடுப்பு உயரம் மட்டும் போய்வரும் அரை ஸ்விங்கில் பந்தோடு செய்யுங்கள். வேகம் குறைவாக இருப்பதால் சுழற்சி குறையும், பந்து தாழப் போகும், அது சரிதான். பார்க்க வேண்டியது தொடுகையின் சுத்தம்.

அரை ஸ்விங் நிலைத்த பிறகு முழு ஸ்விங். ஏதாவது கெட்டுப்போனால் இந்த வரிசையில் தேடுங்கள்: முதலில் தடம் தொடங்கும் இடம், அடுத்து முகத்தில் பவுடர் தடம், அடுத்து பந்து கிளம்பும் திசை, அது முகம். கடைசியாக வளைவு, அது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். வரிசையை மாற்றாதீர்கள். முனையில் பட்ட பந்தின் திசையை வைத்து முகம் எங்கே பார்த்தது என்று கண்டுபிடிக்க முடியாது, தொடுகை சரியாகிற வரை வளைவைப் பற்றி யோசிப்பதே வீண்.